வட்டு நின்றது, குருத்தெலும்பு வரவில்லை

குருத்தெலும்பாக வளரட்டும் என்று உயிருள்ள செல்களைக் கலந்து அச்சிட்ட வட்டை, 28ஆம் நாள் மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, சாயப் புட்டி பழையதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சஃப்ரனின் ஓ என்ற அந்தச் சாயம் நல்ல குருத்தெலும்பைக் கண்டால் குங்குமமாகச் சிவக்கும். எங்கள் வட்டில் இருந்ததோ பல முறை துவைத்த காவித்துணியின் நிறம். செல்களைச் சுற்றி நூல் கனத்தில் மங்கிய வளையம். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை. புதுப் புட்டியைத் திறந்து மறுபடி செய்தோம். அதே வெளிறல்.

இத்தனைக்கும் அவ்வளவு அழகான வட்டை எங்கள் ஆய்வுக்கூடம் அதற்கு முன் அச்சிட்டதே இல்லை. 8 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம், கோலம் போட்டதுபோல் இழை பிசகாத பின்னல். அதன் படம் கதவில் ஒட்டப்பட்டு, வருகையாளர்களுக்குக் காட்டப்பட்டு, ஒரு கருத்தரங்கச் சுவரொட்டியிலும் ஏறிவிட்டது. படம் எடுத்தது அச்சிட்ட அன்று. சாயமேற்றியது 28 நாள் கழித்து. இந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அலுவலர். எந்த ஆய்வுக்கூடம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அச்சு வேலையைச் செய்தவர் திருநெல்வேலியிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வந்த தம்பி ஒருவர். முதல் மாதம் முழுக்க என்னை 'மேடம்' என்றார். பிறகு அக்கா ஆனேன். பயோபிரிண்டிங் என்பதை இனி உயிரச்சு என்றும், உயிருள்ள செல்களைக் கலந்து அச்சிடும் பயோஇங்க்கை மசி என்றும் சொல்கிறேன். பழைய சொல்தான், புது வேலைக்கும் பொருந்துகிறது.

குருத்தெலும்பு ஏன் இத்தனை பிடிவாதம்

அழிந்த குருத்தெலும்பு தானாகச் சீராவதில்லை என்று 1743லேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற உடற்கூறியல் மருத்துவர் எழுதிவிட்டார். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. எடையில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகானைக் கட்டி வைப்பது இரண்டாம் வகைக் கொலாஜன் நார். இவை அனைத்தையும் சுரந்து பராமரிக்கும் கான்ட்ரோசைட் செல்களோ திசுவின் கன அளவில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. முழங்காலில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 10,000 செல்கள். ஒரு பெரிய தோப்பை ஒரே ஒரு தோட்டக்காரர் பார்த்துக்கொள்வது போன்ற கணக்கு. தோப்பில் ஒரு மூலை எரிந்துவிட்டால் அவரால் அங்கே நகர்ந்து போகவும் முடியாது.

அதனால் மருத்துவர்கள் வெளியிலிருந்து ஆள் அனுப்பப் பார்த்தார்கள். எலும்பில் சிறு துளைகள் இட்டு உள்ளிருக்கும் மஜ்ஜையிலிருந்து செல்களை வரவழைப்பது ஒரு வழி; ஆனால் பெரும்பாலும் வளர்வது நார்க்குருத்தெலும்பு, அசலைவிட நலிந்தது. 1994ல் சுவீடனின் பிரிட்பெர்க் குழு, 23 நோயாளிகளின் சொந்தக் கான்ட்ரோசைட்டுகளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, மீண்டும் முழங்காலில் வைத்த முடிவுகளை வெளியிட்டது. எங்கள் ஊரிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2010ல் இங்கிருந்து வெளியான ஓர் ஒப்பீடு, கான்ட்ரோசைட் வைத்த 36 பேரையும் எலும்பு மஜ்ஜையின் தண்டுச் செல் (ஸ்டெம் செல்) வைத்த 36 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது. தண்டுச் செல்லும் ஈடாகவே வேலை செய்தது. அதோடு முழங்காலில் ஓர் அறுவை மிச்சமானது.

பிறகு எதற்கு அச்சு? செல்களைக் கூழாக ஊற்றினால் அவை ஊற்றிய இடத்தில் கிடக்கும். உண்மையான குருத்தெலும்பில் மேலடுக்கில் நார்கள் படுத்திருக்கின்றன, அடியில் நிமிர்ந்து நிற்கின்றன. செல்லின் நெருக்கமும் அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது. அந்த ஒழுங்கையும், குழியின் வடிவத்தையும் சேர்த்துப் படைக்கலாம் என்பதுதான் உயிரச்சின் ஆசை. ஆசை நியாயமானதுதான்.

செய்தது என்ன

செல் வந்தது உணவுக்காக அறுத்த பன்றியின் முழங்காலிலிருந்து. அன்று காலை அறுத்ததாக இருக்க வேண்டும், மூட்டு திறக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று நான் ஈரச்சந்தையில் நிபந்தனைகளை அடுக்கியபோது, கடைக்காரம்மா மிகுந்த அக்கறையோடு எந்த சூப்புக்கு என்று கேட்டார். தம்பி சைவம். முதல் நாள் மூட்டைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் முறை என்னைவிட நேர்த்தியாகச் சீவினார்.

சீவிய துண்டுகளை கொலாஜனேஸ் நொதியில் இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் செல்கள் விடுபட்டிருக்கும். ஆனால் எண்ணிக்கை போதாது. ஒரு மில்லிலிட்டர் மசிக்கு ஒரு கோடி செல் வேண்டும் என்று வைத்திருந்தோம். ஆகவே பிளாஸ்டிக் தட்டில் பரப்பி வளர்த்து, தட்டு நிறைந்ததும் பிரித்து, அடுத்த தட்டுகளில் பரப்பி என்று பெருக்கினோம். ஒவ்வொரு பிரிப்பும் ஒரு பாசேஜ். அச்சுக்குப் போனவை நான்காம் பாசேஜ் செல்கள். இந்த வரியைப் படிக்கும்போதே துறைக்காரர்கள் சிலர் நாக்கைக் கடித்திருப்பார்கள். நாங்கள் அப்போது கடிக்கவில்லை.

மசி ஆல்ஜினேட்டும் ஜெலட்டினும் கலந்தது. இந்தத் துறையில் கைப்பழக்கம் பெற எல்லோரும் தொடங்கும் கலவை. ஜெலட்டின் குளிர்ந்தால் உறையும், 37 டிகிரி இன்குபேட்டரில் உருகி வெளியேறிவிடும்; கட்டடம் எழும்பும்வரை நிற்கும் மூங்கில் சாரம்போல. நிலைத்து நிற்பது ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அச்சிட்டதும் கால்சியம் கரைசலைத் தெளித்தால் கால்சியம் அயனி இரண்டு இழைகளுக்கு நடுவே புகுந்து முடிச்சுப் போட்டுவிடும்.

முதல் சிக்கல் ஊசியில். வெளியே புக்கிட் தீமாவில் வெயில் கொளுத்துகிறது. உள்ளே 20 டிகிரிக் குளிரில் நாங்கள் கம்பளிச் சட்டையில். இளஞ்சூடாக ஏற்றிய மசி, உலோக ஊசியைத் தொட்டதும் உறைந்து அடைத்துக்கொண்டது. தம்பி அழுத்தத்தைக் கூட்டினார், மீண்டும் கூட்டினார். பிறகு திரும்பி, "அக்கா, எங்கள் வீட்டில் இடியாப்ப மாவு ஆறிவிட்டால் அச்சைப் பிழிய அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்" என்றார்.

அந்த வாக்கியத்தில் இயற்பியல் முழுதும் இருக்கிறது. நல்ல மசி அழுத்தும்போது இளக வேண்டும், விட்டதும் இறுக வேண்டும். ஆறிய மாவு இளகாது. ஆள் பலம்தான் வேண்டும். அந்த பலத்தின் விலையைச் செல் கொடுக்கிறது. தண்ணீர் போன்ற திரவத்துக்கு ஊசியின் உள்விட்டத்தைப் பாதியாக்கினால், அதே ஓட்டத்துக்கு 16 மடங்கு அழுத்தம் வேண்டும். 22 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.41 மில்லிமீட்டர், நாங்கள் வைத்திருந்த 27 கேஜில் 0.21. மசி தண்ணீர் அல்ல, இளகுவதால் தண்டனை கொஞ்சம் குறையும். ஆனாலும் ஊசிச் சுவரை ஒட்டி நகரும் செல் அதிகமாக உரசப்படும். மறுநாள் உயிர்ச் சாயம் போட்டுப் பார்த்தபோது இழையின் நடுவில் பச்சைப் புள்ளிகள், இரு ஓரங்களிலும் செத்த செல்களின் சிவப்பு வரிசை. ஆனாலும் பச்சையே மிகுதி. "பிழைத்துவிட்டார்கள்" என்று பதிவேட்டில் எழுதினோம்.

இரண்டாம் சிக்கல் இன்னும் அற்பமானது. முதல் சில வட்டுகள் மூன்று நாளில் ஓரம் கரைந்து கொழகொழவென்று ஆகிவிட்டன. ஆல்ஜினேட் போதவில்லை என்று முடிவு கட்டி, அளவை மூன்று மடங்காக்கினோம். அதன் பிறகுதான் கதவில் ஒட்டிய அந்த வட்டு பிறந்தது. உண்மையில் குற்றவாளி எங்கள் கழுவும் கரைசல். எல்லா ஆய்வுக்கூடத்திலும் குழாய்த் தண்ணீர்போல் புழங்கும் பாஸ்பேட் உப்புக்கரைசலில் கழுவியிருந்தோம். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், முடிச்சு அவிழ்ந்துவிடும். கால்சியம் சேர்த்த கரைசலில் கழுவியிருந்தால் மசியைக் கெட்டியாக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. தவறான காரணத்துக்குச் செய்த திருத்தம், சரியான விளைவைக் காட்டிவிட்டால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

யார் மேல் பழி

வெளிறிய சீவலைப் பார்த்ததும் எல்லோர் விரலும் அச்சு இயந்திரத்தை நோக்கித்தான் நீண்டது. ஊசி, அழுத்தம், உரசல்: பேசுவதற்கு வசதியான குற்றவாளிகள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

தம்பி ஒரு காரியம் செய்தார். அதே மசியை, அதே செல்லோடு, அச்சிடாமல் பிப்பெட்டால் ஓர் அச்சுக்குழியில் ஊற்றி வட்டாக்கி வளர்த்தார். ஊசி இல்லை, அழுத்தம் இல்லை. 28ஆம் நாள் அதுவும் அதே வெளிறல். இயந்திரம் நிரபராதி. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். செலவு ஒரு பிப்பெட் முனை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மீதி இருந்தவை இரண்டு: செல்லின் வயது, ஜெல்லின் அடர்த்தி. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்தோம். முதல் பாசேஜ் செல், நான்காம் பாசேஜ் செல். அடர்ந்த ஆல்ஜினேட், மெல்லிய ஆல்ஜினேட். நான்கு சேர்க்கை. இவற்றோடு செல்லே இல்லாத வெறும் ஜெல்லும் வைத்தோம். ஏனென்றால் ஆல்ஜினேட்டே சஃப்ரனினைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பின்னணி நிறம் எவ்வளவு என்று தெரியாமல் சிவப்பைப் பார்த்து மகிழ்வது ஏமாற்று வேலை.

நான்காம் பாசேஜ் செல், எந்த ஜெல்லில் வைத்தாலும், ஏறத்தாழ வெறும் ஜெல்லின் நிறமே. கொலாஜன் வகையைத் தனியாகக் குறியிட்டுப் பார்த்தோம். இரண்டாம் வகை அரிது, முதலாம் வகை தாராளம். முதலாம் வகை தோலிலும் தசைநாணிலும் இருப்பது. செல்கள் உயிரோடு இருந்தன, சுறுசுறுப்பாகவும் இருந்தன, ஆனால் தாங்கள் குருத்தெலும்பு என்பதை மறந்துவிட்டன. தட்டையான பிளாஸ்டிக்கில் ஒட்டி நீண்டு வளரும்போது கான்ட்ரோசைட் மெல்ல மெல்ல நார்ச் செல்லின் குணத்துக்கு மாறிவிடுகிறது. தமிழை வீட்டில் பேசாமல் மூன்று தலைமுறை தாண்டிய குடும்பங்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். பெயர் இருக்கும், முகம் இருக்கும், வாயைத் திறந்தால்தான் தெரியும்.

இந்த மறதி எங்களுக்குத் தெரியாததல்ல. 1982லேயே பென்யாவும் ஷாஃபரும், தட்டில் மறந்துபோன கான்ட்ரோசைட்டுகளை அகரோஸ் ஜெல்லுக்குள் வைத்தால் பழைய கொலாஜனை மீண்டும் சுரக்கின்றன என்று காட்டினார்கள். அகரோஸ் நம் வீடுகளில் நோன்புக்கும் விருந்துக்கும் காய்ச்சும் அகர் அகரிலிருந்து பிரிப்பது. அந்த முடிவை நம்பித்தான், முப்பரிமாண ஜெல்லுக்குள் போனால் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும் என்று நான்காம் பாசேஜ்வரை துணிந்தோம். பாசேஜ் கூடக்கூட அந்த மீட்சி மங்கிக்கொண்டே போகும் என்ற பாதியை வசதியாக விட்டுவிட்டோம்.

முதல் பாசேஜ் செல் அடர்ந்த ஜெல்லில் என்ன செய்தது என்பது வேறு பாடம். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஆழ்ந்த சிவப்பு வளையம். வேலை செய்திருக்கிறது, மனதார. ஆனால் சுரந்த பொருள் வெளியே பரவ இடமில்லை. பாலூட்டிகளின் உடலில் ஆல்ஜினேட்டை வெட்டும் நொதி கிடையாது. செல் தன் சிறையின் சுவரைத் தானே இடிக்க வழியில்லை. அழகான வட்டுக்காக நாங்கள் எழுப்பிய சுவர் அது.

முதல் பாசேஜ், மெல்லிய ஜெல்: வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து, சீவல் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு கோப்பிக்கடைக்குப் போய் ஆளுக்கொரு கோப்பி குடித்தோம். அந்த நல்ல வட்டைக் கையில் எடுத்தால் வழுகி விழும் என்பதையும் அங்கேதான் பேசினோம்.

இரண்டாம் அச்சு

இந்தத் துறையின் பழைய சண்டை இது. அச்சுக்குக் கெட்டி வேண்டும், செல்லுக்கு இளக்கம் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான சன்னல் குறுகலானது. சுவீடனின் கோதன்பெர்க் நகரில் 2015ல் ஆல்ஜினேட்டோடு மர நானோசெல்லுலோஸ் நார் கலந்து, காது வடிவமும் மூட்டு வட்டு வடிவமும் அச்சிட்டுக் காட்டினார்கள். வடிவத்தின் பாரத்தை நார் சுமந்தது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அட்டாலா என்ற ஆய்வாளரின் குழு 2016ல் வேறு வழி சென்றது: பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கால் எலும்புக்கூடு, அதன் இடுக்குகளில் செல் கலந்த மெல்லிய ஜெல். மனிதக் காதின் அளவில் அச்சிட்டார்கள்.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அந்தப் பிளாஸ்டிக் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. இங்கே உருவான ஆஸ்டியோபோர் நிறுவனம் அதைக் கொண்டு அச்சிட்ட அடைப்பான்கள் மண்டையோட்டு அறுவைக்குப் பின் துளைகளை மூடப் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. உடலில் மெதுவாகக் கரையும். ஒரே தொல்லை, அது உருகுவது 60 டிகிரியில். இழையை முதலில் போட்டு, ஆறவிட்டு, பிறகுதான் மசியை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் செல் அவியும். மசி சிரிஞ்சுக்கும் ஊசிக்கும் சூட்டு உறை மாட்டினோம். நேர் ஊசியைத் தூக்கிவிட்டுக் கூம்பு முனைக்கு மாறினோம்; அதே ஓட்டத்துக்கு அழுத்தம் வெகுவாகக் குறைந்தது. முதல் பாசேஜ் செல் போதாதபோது அதிக மூட்டு வாங்கினோம். கடைக்காரம்மாவுக்கு எங்கள் சூப்பின் மேல் மரியாதை கூடியது.

விளைவு நடுத்தரம். விளிம்பில் நல்ல சிவப்பு, மையத்துக்குப் போகப்போக மங்கல்: சத்தும் வளர்ச்சிக் காரணியும் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரே சீராக ஊடுருவவில்லை. இரண்டாம் வகைக் கொலாஜன் இருக்கிறது, ஆனால் நார்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபடவில்லை. எந்த ஒழுங்குக்காக அச்சைத் தேர்ந்தோமோ அது இன்னும் வரவில்லை. அசல் குருத்தெலும்பின் அமுக்க விறைப்பு, அதாவது அமுக்கினால் எவ்வளவு நசுங்காமல் எதிர்க்கும் என்ற அளவு, அரை மெகாபாஸ்கல் சுற்றளவில் இருக்கும். எங்கள் ஜெல் பகுதி அதன் அருகில்கூட நிற்காது. பிளாஸ்டிக் கூடுதான் பாரம் சுமக்கிறது. நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இறங்குகிறது. 2022 ஜூனில் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தச் செல்லால் அச்சிட்ட காது பொருத்தியதாகச் செய்தி வந்தபோது உறவினர் பலர் எனக்கு அனுப்பினார்கள், "அப்படியென்றால் அத்தையின் முழங்கால்?" என்ற கேள்வியோடு. காது எதையும் சுமப்பதில்லை, கண்ணாடிக் காலைத் தவிர. அத்தையோ நான்காம் மாடிவரை படி ஏறுகிறார்.

இன்னொரு கேள்வியும் இங்கே தவிர்க்க முடியாதது. கடையில் கிடைக்கும் ஜெலட்டினில் கணிசமான பகுதி பன்றித் தோலிலிருந்து வருகிறது. சோதனைத் தட்டில் அது யாரையும் உறுத்தாது. நோயாளியின் மூட்டுக்குள் போகும் பொருளானால், சிங்கப்பூரில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். மாட்டு ஜெலட்டின் போட்டால் வேறொரு வீட்டில் கேட்பார்கள். குளிர்கடல் மீனின் ஜெலட்டினை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும். எங்கள் குளிர்சாதன அறையில் ஊசி அடைக்கவே அடைக்காது. அதே காரணத்தால் தட்டில் விழுந்த இழையும் நிற்காது, ஒளியால் இறுக்க வேண்டும். மதம் கேட்ட கேள்விக்கு வேதியியல் வேறொரு கேள்வியைப் பதிலாகத் தருகிறது.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 மார்ச் 1 முதல் செல், திசு, மரபணுச் சிகிச்சைப் பொருள்களுக்கென்று சிங்கப்பூரில் தனி விதிமுறை நடப்பில் உள்ளது. தட்டில் பெருக்கி, ஜெல்லில் கலந்து, அச்சிட்ட செல் அதில் எளிய பிரிவில் வராது. நாங்கள் அந்தக் கதவருகே இன்னும் போகவில்லை.

சுவரொட்டியில் போட்ட படத்தைப் பற்றிப் பேராசிரியரிடம் தம்பியே போய்ச் சொன்னார். திட்டு விழும் என்று என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார். திட்டு விழவில்லை, பதிவேட்டை மாற்றச் சொன்னார். முன்பு அதில் முதல் கட்டம் அச்சு அழுத்தம், இரண்டாவது ஊசி அளவு, மூன்றாவது வட்டின் படம். செல்லின் பாசேஜ் எண் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. இப்போது முதல் கட்டத்தில் பாசேஜ் எண். அடுத்தது ஊற்றிய வட்டின் சாயப் படம். கழுவும் கரைசலின் பெயர் அதற்கடுத்து. அச்சு அழுத்தம் ஏழாம் கட்டத்துக்குப் போய்விட்டது.